அறுபதாவதுக்கு ஆரத்தி

2020 ஜூன் 29 அன்று இரவு பாரத மாதா ஒரு பேராபத்திலிருந்து காப்பாற்றப்பட்டாள். கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் மோதி 20 வீரர்களைப் பறிகொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவை உறையிலிருந்து உருவிய மத்திய அரசு, 59 சீனச் செயலிகளின் தலையை ஒரே வீச்சில் சீவியது. பட்டியலில் முதல் தலை டிக்டாக். சுமார் 20 கோடி இந்தியக் கட்டைவிரல்கள் விடிவதற்குள் வேலையிழந்தன. அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் இதற்கு 'டிஜிட்டல் ஸ்ட்ரைக்' என்று பெயர் சூட்டினார். செயலியை நீக்குவதையே வீடியோ எடுத்து நாட்டுப்பற்றைக் காட்டத் துடித்தவர்கள் உண்டு. அதை எதில் போடுவது என்பதுதான் குழப்பம்.

அந்தக் குழப்பமும் நெடுநாள் நீடிக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில்கூடப் பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று பொறுப்பார்கள். இங்கே ஒன்பதாம் நாளே, ஜூலை 8 அன்று, இன்ஸ்டாகிராம் தன் 'ரீல்ஸ்' கடையை இந்தியாவில் திறந்துவிட்டது. செப்டம்பரில் யூடியூப் வந்து, 'ஷார்ட்ஸ்' என்ற சரக்கை உலகிலேயே முதலில் நம் தலையில் சோதித்துப் பார்த்தது. அதே செங்குத்துத் திரை, அதே சில விநாடிப் பாட்டு, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் அதே வீடியோ. 59-க்குச் சங்கு ஊதிய கையோடு அறுபதாவதுக்கு ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிக்கொண்டோம்.

போனது என்ன, வந்தது என்ன? போனது பெய்ஜிங் கம்பெனி, வந்தது கலிஃபோர்னியா கம்பெனி. நடுவில் இருந்த எந்திரம் அப்படியே இருக்கிறது.

சீனக் கம்பெனியின் மேல் வந்த சந்தேகம் வீண்பழி என்று சொல்லவில்லை. தன் ஊழியர்கள் சிலர் பத்திரிகையாளர்களின் டிக்டாக் தரவுக்குள் புகுந்து பார்த்தார்கள் என்பதை 2022 டிசம்பரில் டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸே ஒப்புக்கொண்டது. நம் தரவு யார் கைக்குப் போகிறது என்று ஓர் அரசு கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் 69ஏ பிரிவு அனுமதிக்கும் காரணங்களைப் படித்துப் பாருங்கள்: இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் தூக்கம் அதில் இல்லை. அந்தத் தூக்கத்தைச் சீனாக்காரன் கெடுத்தால் அது தேசத் துரோகம். அமெரிக்காக்காரன் கெடுத்தால் அந்நிய முதலீடு.

தேசத்துக்கு இறையாண்மைக் கவலை என்றால் தமிழ்நாட்டுக்குக் கலாசாரக் கவலை. 2019 பிப்ரவரியிலேயே நம் சட்டமன்றத்தில் டிக்டாக் பேச்சு கிளம்பிவிட்டது. பண்பாடு சீரழிகிறது என்று உறுப்பினர் ஒருவர் குமுற, மத்திய அரசிடம் சொல்லித் தடை கேட்போம் என்றார் அன்றைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மணிகண்டன். ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பதிவிறக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் நட்டம் என்று கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் கண்ணைக் கசக்கியது. ஏப்ரல் 24 அன்று அதே மதுரையில் தடை விலகியது. மூன்று வாரத்தில் முடிந்துபோன தமிழ்ப் பண்பாட்டு மீட்புப் போர் அது.

அந்த மூன்று வாரமும் டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் நாம் பேசியது எதைப் பற்றி? இடுப்பைப் பற்றி. எவள் ஆடினாள், எவள் வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் ஆடினாள், எவள் துப்பட்டா இல்லாமல் ஆடினாள். மளிகைக்கடைக்காரர் மனைவி நாற்பது வயதில் 'மாங்குயிலே' பாட்டுக்கு நாலு ஸ்டெப் போட்டதுதான் இந்த எந்திரத்தின் ஆகப் பெரிய ஆபத்து என்று முடிவு கட்டினோம். ஆடியவளைக் கழுவி ஊற்றினோம். ஆடியதை ஐம்பது தடவை பார்த்த கனவான்களைப் பற்றி மூச்சு விடவில்லை.

சரி, எந்திரம் என்னதான் செய்கிறது? இதை நாம் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. கம்பெனிக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

2024 அக்டோபரில் அமெரிக்காவின் 13 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் டிக்டாக் மீது வழக்குப் போட்டன. கம்பெனியின் உள் ஆவணங்களிலிருந்து எடுத்த பகுதிகளைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்துத்தான் மனுவை வெளியிட்டார்கள். கென்டக்கி மாநில மனுவில் மட்டும் ஒரு வேடிக்கை. கறுத்த வரிகளைக் காப்பி எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எழுத்து தெரிந்தது. உள்ளூர் வானொலி நிருபர்கள் ஒட்டிப் பார்த்தார்கள்.

ஒருவரைப் பழக்கத்தில் விழவைக்க எத்தனை வீடியோ தேவை என்று கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருந்தது: 260. ஒவ்வொன்றும் எட்டு விநாடிக்குள் ஓடினால், 35 நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்று அந்த மாநிலம் கணக்கிட்டுச் சொன்னது. நிறுத்த முடியாமல் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு நினைவாற்றல், ஆழ்ந்து யோசிக்கும் திறன், அடுத்தவர் வலியை உணரும் குணம் எல்லாம் குறைவதோடு தொடர்பு இருக்கிறது என்றும், பதற்றம் கூடுகிறது என்றும் அவர்களுக்கே தெரிந்திருந்தது. எழுதி, கோப்பில் போட்டு, மூடி வைத்துவிட்டார்கள்.

பிள்ளைகள் மேல் கம்பெனிக்குக் கரிசனமே இல்லையா என்று கேட்காதீர்கள். கருணை வடிந்தது. 18 வயதுக்கு உட்பட்டோருக்கு நாளுக்கு 60 நிமிட வரம்பு என்று அறிவித்தார்கள். அறுபது நிமிடம் ஆனதும் திரை ஒரு கடவுச்சொல் கேட்கும். பதிமூன்று வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் அதை யார் போட வேண்டும்? அந்தப் பிள்ளையே போடலாம். பெட்டிக்குப் பூட்டும் போட்டு, சாவியையும் திருடன் கையில் கொடுத்து, 'பார்த்து நடந்துக்கப்பா' என்று அறிவுரையும் சொன்ன பெருந்தன்மை இது. பலன் என்ன? அந்த ஆவணங்களின்படி, சோதித்துப் பார்த்தபோது சராசரிப் பார்வை நேரம் நாளுக்கு 108.5 நிமிடத்திலிருந்து 107 நிமிடமாகக் குறைந்தது. ஒன்றரை நிமிடம். பல் துலக்கக்கூடப் போதாது. பார்க்கும் நேரத்தைக் குறைப்பது நம் நோக்கம் இல்லை என்று திட்ட மேலாளர் ஒருவர் உள்ளுக்குள் எழுதியும் இருக்கிறார். திட்டம் வெற்றியா என்று அளக்க வைத்திருந்த கோல்களில் ஒன்று, பத்திரிகைச் செய்திகளால் கம்பெனியின் நல்ல பெயர் எவ்வளவு உயர்ந்தது என்பது.

இதே பைட்டான்ஸ் சொந்த ஊரில் நடத்தும் டோயின் செயலியில் கதையே வேறு. 2021 செப்டம்பர் முதல், 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு நாளுக்கு 40 நிமிடம்தான். இரவு 10 முதல் காலை 6 வரை திறக்கவே திறக்காது. ஆக, எந்திரத்தை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது, வேலையும் செய்கிறது. சீன அரசின் கையில் தடி இருக்கிறது, அழுத்தினார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அழுத்த ஆளில்லை.

கென்டக்கி மனுவில் தெரிந்த ஆவணங்களில் இன்னொன்றும் உண்டு. டிக்டாக்கின் வீடியோ ஓடைக்குள் 'கவர்ச்சியில்லாதவர்கள்' அதிகம் வருகிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்கள் குறைவாகத் தெரியும்படி அல்காரிதத்தை மாற்றினார்களாம். அதற்கு முன்பே, 2020 மார்ச்சில், 'தி இன்டர்செப்ட்' இதழ் வெளியிட்ட உள்விதிகளில் அழகற்ற முகம், சேரிச் சூழல், சிதிலமான வீடு ஆகியவற்றைப் புதியவர் கண்ணில் காட்டாதே என்று இருந்தது. அவை பழைய விதிகள், இப்போது இல்லை என்றது கம்பெனி. கறுப்பு நிறத்துக்குக் கிரீம் விற்றே கோடீஸ்வரர்களை உருவாக்கிய நாட்டில் இந்த விதியை எழுதியே வைக்க வேண்டியதில்லை. நாமே மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

உயிர் போன கணக்கும் இருக்கிறது. மூச்சை அடக்கும் 'சவால்' ஒன்று டிக்டாக்கில் பரவி, 2021-ல் இத்தாலியின் பலேர்மோவில் ஒரு பத்து வயதுச் சிறுமியும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இன்னொரு பத்து வயதுச் சிறுமியும் இறந்துபோனார்கள். பென்சில்வேனியா வழக்கில் கம்பெனி பழைய பல்லவியைப் பாடியது: நாங்கள் வெறும் சுவர், எழுதியவன் வேறொருவன். 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அப்படியே ஏற்கவில்லை. அந்தக் குழந்தை தேடிப் போகவில்லை, உங்கள் அல்காரிதம்தான் பொறுக்கி எடுத்துக் கையில் கொடுத்தது, அந்தப் பொறுக்கல் உங்கள் சொந்தப் பேச்சு என்றது. எந்தக் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கத் தெரிந்தவனுக்கு, கொடுத்த பிறகு மட்டும் எதுவும் தெரியாமல் போவது எப்படி?

நம் பக்கத்து அறுபதாவது உத்தமமா? இன்ஸ்டாகிராமின் உள் ஆய்வுத் தாள்கள் 2021-ல் வெளியே வந்தன. பதின்வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடம்பைப் பற்றிய மனக்குறையை நாம் மோசமாக்குகிறோம் என்று அந்தக் கம்பெனியின் ஆட்களே எழுதி வைத்திருந்தார்கள். 2023 அக்டோபரில் அமெரிக்காவின் 40-க்கு மேற்பட்ட மாநிலங்கள் அதன் தாய் நிறுவனம் மெட்டாவை நீதிமன்றத்துக்கு இழுத்தன. இந்தியா என்ன செய்தது? எல்லையில் துப்பாக்கி நீட்டினால் மட்டுமே நமக்குச் செயலியின் தீங்கு கண்ணுக்குத் தெரியும். நம் பிள்ளைகளின் துரதிர்ஷ்டம், கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் எல்லைத் தகராறு எதுவும் இல்லை.

இனி நம் தெருவுக்கு வருவோம். தென்மாவட்டத்துப் பள்ளிச் சீருடைப் பையன் ஒருவனின் ரீல். சட்டையில் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி, மெதுவோட்டத்தில் நடந்து வருகிறான். மணிக்கட்டில் சாதி நிறத்துக் கயிறு. பின்னணியில் 'நாங்க யாருன்னு தெரியுமா' வகைப் பாட்டு. கடைசி விநாடியில் அரிவாள் படம் ஒன்று திரையில் வந்து விழுகிறது. கீழே இன்னொரு சாதிப் பையன் 'வாடா பார்க்கலாம்' என்கிறான். இந்தச் சண்டையால் எந்திரத்துக்கு என்ன நட்டம்? ஒன்றுமில்லை. கமெண்ட் ஏற ஏற அதை இன்னும் நூறு பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் கொண்டுபோய்க் காட்டும். அதற்குச் சாதி தெரியாது. எதைக் காட்டினால் விரல் நிற்கிறது என்பது தெரியும். நம் ஊரில் விரல் சாதியில் நிற்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. உடனே பண்பாட்டுக் காவலர்கள் குதித்தார்கள்: கயிறு எங்கள் உரிமை! துப்பட்டா இல்லாமல் ஆடியபோது செத்துப்போன அதே பண்பாடு, கையில் அரிவாளோடு சாதிக் கயிறு கட்டி நடந்தபோது புத்துயிர் பெற்று எழுந்து நின்றது. கயிற்றையாவது வாத்தியார் கத்தரிக்கோலால் வெட்டலாம். கைபேசிக்குள் ஓடும் கயிற்றை எந்தக் கத்தரி வெட்டும்?

இன்னொரு வீட்டு மொட்டைமாடி. பதினோராம் வகுப்புப் பெண் துணி காயும் கொடிக்குப் பக்கத்தில் நின்று முப்பது விநாடி ஆடுகிறாள், அவ்வளவுதான். கீழே கமெண்டைப் படித்தால் கை கழுவத் தோன்றும். அப்பா வயசுக்காரர் முகப்புப் படத்தில் முருகனை வைத்துக்கொண்டு ரேட் கேட்கிறார். அவள் அக்கா புகார் பொத்தானை அழுத்துகிறாள். 'எங்கள் சமூக விதிகளை மீறவில்லை' என்று பதில் வருகிறது. எந்தப் பாட்டில் எந்த விநாடியில் கண் நிற்கும் என்று கண்டுபிடிக்கும் எந்திரத்துக்கு, தமிழில் எழுதிய கெட்ட வார்த்தை மட்டும் புரிவதில்லை. விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் வருகிறது.

இரண்டு வயசுக் குழந்தைக்கும் விலக்கு இல்லை. தயிர்சாதக் கிண்ணத்தின் பக்கத்தில், எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்த போன். வீடியோ ஓடினால் வாய் திறக்கிறது. விளம்பரம் வந்து நின்றால் வாய் மூடுகிறது. 'ஒரே ஒரு வாய்டா தங்கம்' என்று ஆச்சி கெஞ்சுகிறாள், குழந்தைக்குக் காது கேட்கவில்லை. ஆச்சியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலையிலிருந்து ஒண்டியாக ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். ஆனால் நிலா காட்டிய காலத்தில் நிலா இவனைத் திரும்பிப் பார்த்துக் குறிப்பெடுத்ததில்லை.

இதை எல்லாம் தட்டிக் கேட்க வேண்டிய அரசு எங்கே? கேமரா முன்னால் நிற்கிறது. மந்திரிக்கு ரீல்ஸ், கலெக்டருக்கு ரீல்ஸ், காவல் நிலையத்துக்கு ரீல்ஸ். ரீல்ஸ் எடுத்துச் சாகசம் செய்த இளைஞனைப் பிடித்து, அவன் மன்னிப்புக் கேட்பதையும் ரீல்ஸ் எடுத்துப் போடும் காவல்துறை நமக்கு வாய்த்திருக்கிறது. 2024 மார்ச் 8 அன்று டெல்லி பாரத் மண்டபத்தில் பிரதமர் கையாலேயே 'தேசியப் படைப்பாளர் விருது' கொடுத்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு என்பது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். ஓட்டும் இதிலே, விளம்பரமும் இதிலே என்றான பிறகு பூனைக்கு மணி கட்டுவது யார்?

மதுக்கடைக்குக்கூட நேரம் உண்டு. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூட வேண்டும். 21 வயது ஆகாதவனுக்கு விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அது எவ்வளவு லட்சணமாக நடக்கிறது என்பது வேறு விஷயம், விதியாவது இருக்கிறது. நம் பிள்ளையின் தலையணைக்கு அடியில் இருக்கும் கடைக்கு மூடும் நேரமே இல்லை. பழைய சினிமாவில் 'வணக்கம்' என்று அட்டை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தூர்தர்ஷன் ராத்திரி நிகழ்ச்சி முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனது. முடிவு என்று ஒன்று இருந்தால் பிள்ளை எழுந்து போய்விடும் என்பதால்தான் இந்தக் கடையில் முடிவையே எடுத்துவிட்டார்கள்.

மதுரைக் கிளையின் அந்த ஏப்ரல் ஆணையில் எல்லோரும் தாண்டிப் போன ஒரு கேள்வி இருந்தது. இணையத்தில் குழந்தைகளைக் காக்க அமெரிக்காவில் தனிச் சட்டம் இருக்கிறதே, அதுபோல் இங்கே கொண்டுவருவீர்களா என்று மத்திய அரசைக் கேட்டார்கள் நீதிபதிகள். அந்த அமெரிக்கச் சட்டத்தை வைத்துத்தான் 2019 பிப்ரவரியில் அங்கே டிக்டாக்குக்கு 57 லட்சம் டாலர் அபராதம் விழுந்திருந்தது. பதிமூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட சுமார் 14 லட்சம் பிள்ளைகளை உள்ளே விட்டதற்காகப் பிரிட்டன் 2023-ல் 1.27 கோடி பவுண்டு தண்டம் போட்டது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றுவிட்டது. அது சரியா, மிகையா என்று அங்கே சண்டை நடக்கிறது. சண்டை நடப்பதே நமக்குப் பொறாமையாக இருக்கிறது.

நம் பதில்? 2019-ல் கேட்ட கேள்விக்கு 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 9-வது பிரிவு அருமையானது: 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், பிள்ளைகளின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. எழுதிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வர அதிலிருந்து இன்னும் 18 மாதம். அதாவது 2027 மே. மதுரை ஆணை வந்தபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு வாசலில் வந்து நிற்கும்போது வயது பதினெட்டு. 'நீ இப்போது பெரியவன், உனக்கு இது கிடையாது' என்று கதவைச் சாத்திவிட்டுப் போகும்.

இதற்கெல்லாம் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. பிள்ளைகளின் கணக்கில் ஓடை தானாக ஓடுவதை நிறுத்து. எதை ஏன் காட்டுகிறாய் என்று வெளியாள் வந்து தணிக்கை செய்யக் கணக்கைத் திற. தமிழ்ப் புகாரைத் தமிழ் தெரிந்த மனிதன் படிக்கட்டும். சாதி வெறியை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தால் அரிவாள் பிடித்த பையனோடு சேர்த்துக் கம்பெனியையும் கூண்டில் ஏற்று. டோயினில் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

'பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும்' என்று இந்த நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து அறிவுரை சொல்வார். உலகின் தலைசிறந்த மூளைகள் 260 வீடியோ கணக்குப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம். தீப்பெட்டித் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் ஓர் அம்மா மறுபக்கம். இது கவனத்தால் ஜெயிக்கிற பந்தயமா ஐயா?

கம்பெனிகளுக்கு 18 மாதம் அவகாசம் கொடுத்த அரசுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அதே 18 மாதமும் வளராமல் அப்படியே இருக்கும்படி நாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் ஓர் அவசரச் சட்டம் போட்டுவிடுங்கள். 69ஏ போல, ஒரே ராத்திரியில்.